எரித்துப் பார்க்காத எண்ணெய்

வேலூரில் மெக்கானிக் நண்பர்கள் நடத்தும் சங்கத்தின் ஆண்டு மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார்கள். "அண்ணே, பங்க்ல இப்ப இருபது பெர்சென்ட் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் வருது. நீங்க அந்தக் காலத்துலயே எண்பத்தஞ்சு பெர்சென்ட் ஊத்தி வண்டிய ஓட வச்சவரு. நாலு டிப்ஸ் எழுதிக் குடுங்க" என்றார்கள். அவர்கள் சொன்ன "அந்தக் காலம்" பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தியது. ரிட்டையர் ஆகிவிட்டால் நேற்றுச் செய்ததும் அந்தக் காலம் ஆகிவிடுகிறது.

டிப்ஸை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்காக மட்டும் படிப்பவர்கள் பிறகு பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம். பழைய வண்டியானால் பெட்ரோல் ஓஸையும் ரப்பர் வாஷர்களையும் தொட்டுப் பாருங்கள். ஊறி மெத்தென்று இருந்தால் மாற்றுங்கள். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். அதனால் மாசக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டியின் டேங்கைப் பாதியாக விடாதீர்கள். கலப்பு எவ்வளவு என்று சந்தேகம் வந்தால் அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் பெட்ரோலோடு கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். அடியில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறதோ, ஏறக்குறைய அவ்வளவு கலப்பு.

டிப்ஸ் முடிந்தது. இனி எழுதுவது வேறு விஷயம். அதை விட்டுவிட்டு டிப்ஸை மட்டும் எழுதி, மேலே என் போட்டோவையும் போட்டுக்கொண்டால் எனக்கே சகிக்காது.

என் ஊர் ஒடுகத்தூர் பக்கம். ஐ.டி.ஐ. முடித்து, ஒரு பஸ் கம்பெனி ஷெட்டில் ஏழு வருஷம் டீசல் பம்ப்போடு மல்லுக்கட்டிவிட்டு, ஆம்பூரில் ஒரு தோல் ஃபேக்டரியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டராகச் சேர்ந்தேன். ஜெனரேட்டர், பாய்லர், தோலைப் போட்டு உருட்டும் பெரிய மர டிரம்களின் கியர் பாக்ஸ் என்று இருபது வருஷம் ஓடியது. அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. மிஷின் ஓடினால் ஃபிட்டரை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், நின்றால் ஊரே தேடும்.

அப்புறம் ஓனரின் மகள் ரிஹானா மேடம் வெளிநாட்டில் இன்ஜினியரிங் படித்துவிட்டு ஒரு ஜப்பான் வண்டியோடு வந்து இறங்கினார். ரோட்டில் ஓட்ட அல்ல, ரேஸுக்கு மட்டும். ஃபேக்டரிக்குப் பின்னால் காலியாகக் கிடந்த குடோனில் அதை நிறுத்தி, என்னை வரச் சொன்னார்கள். பானெட்டைத் திறந்து பார்த்தவன் பேசாமல் மூடிவிட்டேன். பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை. ரோட்டரி இன்ஜின். இடுப்பு லேசாக ஒடுங்கிய முட்டை வடிவத்தில் ஒரு கூடு, அதற்குள் முக்கோண வடிவத்தில் ஒரு இரும்பு ரோட்டர் சுற்றுகிறது. அந்த மாதிரி இரண்டு. முக்கோணத்தின் மூன்று முனையிலும் மெல்லிசாக ஒரு சீல் இருக்கும். அதில் ஒன்று உடைந்தாலும் இன்ஜினை மொத்தமாகப் பிரித்தாக வேண்டும். இருபது வருஷ அனுபவத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு முதலிலிருந்து கற்றுக்கொண்டேன்.

அந்த இன்ஜினுக்கு டர்போ வேறு. டர்போ காற்றை உள்ளே திணிக்கத் திணிக்க பவர் ஏறும், கூடவே சூடும் ஏறும். சூடு தாங்காமல் பெட்ரோல் நேரத்துக்கு முன்னால் தானாக வெடித்தால் சீல் காலி. அதற்குத்தான் எத்தனால். உள்ளே போகும்போதே அது காற்றைக் குளிர வைக்கும், அவசரப்பட்டு வெடிக்காது. ஆனால் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஜாஸ்தி குடிக்கும். அதனால் பம்ப், இன்ஜெக்டர், ஓஸ் எல்லாவற்றையும் பெரிதாக மாற்றினோம். ஈரம் நீக்கிய ஸ்பிரிட்டை, அதாவது அந்த எத்தனாலை, ஒரு சர்க்கரை ஆலையிலிருந்து அனுமதியோடு கொண்டுவர மேடம் ஏறி இறங்கிய ஆபீஸ் படிகளைப் பற்றி எழுதினால் அதுவே ஒரு மலர் ஆகும்.

இன்னொரு சிக்கல் எண்ணெய். சீல்கள் தேயாமல் இருக்க, எரிபொருளிலேயே கொஞ்சம் எண்ணெய் கலந்து அனுப்ப வேண்டும். பழைய ஸ்கூட்டருக்குப் பெட்ரோலில் ஆயில் ஊற்றுவோமே, அதே வேலை. ஆனால் அந்த ஸ்கூட்டர் ஆயில் எத்தனாலில் கரையாமல் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு ரேஸ் ஆயில் மட்டும் கரைந்தது. அதைக் கப்பலில் வரவழைத்தோம்.

மேடம் என்னைவிட இருபது வயது சின்னவர். "முருகேசன் அண்ணா" என்றுதான் கூப்பிடுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் அவரிடம் ஒரு கேள்வி இருந்தது. ஃபேக்டரி முழுக்க அந்தக் கேள்விக்குப் பயம். போல்ட் டைட்டாக இருக்கிறது என்று சொன்னால், "பாத்தீங்களா, நினைச்சீங்களா?" என்பார். லீக் இல்லை என்றால், "பாத்தீங்களா, நினைச்சீங்களா?" நினைத்தேன் என்று ஒப்புக்கொண்டால் கோபமே கிடையாது. "சரி, போய்ப் பாத்துட்டு வாங்க" என்பார், அவ்வளவுதான். நாலு வருஷத்தில் நான் ஐம்பது தடவையாவது "நினைச்சேன் மேடம்" என்று சொல்லியிருப்பேன். அதனாலேயே நான் "பாத்தேன்" என்று சொன்னால் அவர் மறுபடி கேட்க மாட்டார்.

புதிதாக எந்த எண்ணெய் வந்தாலும் இரண்டு சோதனை உண்டு. முதலில், எரிபொருளோடு கலந்து கண்ணாடி பாட்டிலில் ஒரு ராத்திரி அசையாமல் வைக்க வேண்டும். பிரியக்கூடாது, கலங்கக்கூடாது. இரண்டாவது, எண்ணெயை மட்டும் எவர்சில்வர் கரண்டியில் ஊற்றிக் கடைசிச் சொட்டு வரை எரிக்க வேண்டும். கரண்டியில் என்ன மிஞ்சுகிறதோ அதுதான் இன்ஜினுக்குள்ளும் மிஞ்சும். இரண்டையும் ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியது நான்.

இப்போது அன்வரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்வர் பாஷா, எங்கள் ஃபேக்டரியின் கெமிக்கல் ஸ்டோர்ஸ். நானும் அவனும் ஒரே மாசத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். தினமும் நாலு மணிக்குத் தண்ணீர் டேங்குக்கு அடியில் நின்று டீ குடிப்போம். அவன் வீட்டில் உருது, என்னோடு தமிழ், கெமிக்கல் சேல்ஸ்மேன்களோடு அவனே கண்டுபிடித்த இங்கிலீஷ். ஸ்டோரில் எத்தனையோ எண்ணெய், சாயம், ஆசிட். எந்த கேனிலும் அவன் லேபிள் படித்து நான் பார்த்ததில்லை. எண்ணெயானால் விரலால் தொட்டு, கட்டைவிரலோடு தேய்த்து, மூக்கருகே கொண்டுபோவான். கண்ணை மூடிக்கொண்டு இன்ன எண்ணெய், போன தடவை வந்ததைவிடத் தண்ணி ஜாஸ்தி என்பான். பந்தயம் கட்டித் தோற்றவர்களில் நானும் ஒருவன்.

சென்னைக்கு மேற்கே இருக்கும் ட்ராக்கில் ரேஸ். மூன்று நாள்தான் பாக்கி. கையிலிருந்த ரேஸ் ஆயில் தீர்ந்துபோனது. வர வேண்டியது துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. டீ நேரத்தில் அன்வரிடம் புலம்பினேன்.

"இதுக்கா இவ்ளோ பேஜார்? ஆமணக்கெண்ணெய்தானே? நம்ம கிட்டயே கீதுடா" என்றான்.

"தோலுக்குப் போடறதா?"

"ஆமா, ஆசிட்ல ட்ரீட் பண்ணது. தண்ணியிலயும் கலக்கும், ஸ்பிரிட்லயும் கலக்கும். எருமைத் தோல்லயே ஊறிப் போவுது, உன் இஞ்சின் இன்னா அதவிட தடிச்ச தோலா?"

தோல் தொழிலில் தண்ணீரோடு கலக்கிற எண்ணெய்தான் உசத்தி. கலந்தால்தான் தோலுக்குள் இறங்கும். இருபது வருஷத்துக்கு மேல் அந்தக் காற்றையே சுவாசித்த எங்கள் இரண்டு பேருக்கும், தண்ணீரோடு கலக்கும் எண்ணெய் இன்ஜினுக்கு ஆகுமா என்று கேட்கத் தோன்றவில்லை. அவன் ஒரு பெரிய கேனைத் திறந்து சின்ன பாட்டிலில் சாம்பிள் ஊற்றிக் கொடுத்தான். ராத்திரி முழுக்கக் கலந்து வைத்தேன். காலையில் பார்த்தால் தேன் நிறத்தில் தெளிவாக நின்றது. இவ்வளவு சுத்தமாக எந்த எண்ணெயும் கரைந்ததில்லை.

அடுத்தது கரண்டி. கரண்டியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது அன்வரே ஐந்து லிட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு குடோனுக்கு வந்துவிட்டான். "அதே கேன்ல இருந்து ஊத்துனது" என்றான். பிறகு கரண்டியைப் பார்த்துச் சிரித்தான். "இன்னாடா முருகேசா, நான் குடுத்ததயே எரிச்சுப் பாக்கறியா?"

விளையாட்டுக்குத்தான் சொன்னான். நான் எரித்திருந்தால் பக்கத்தில் நின்று அவனே வேடிக்கை பார்த்திருப்பான். ஆனால் எனக்கு ஏதோ கூச்சமாகிவிட்டது. நண்பன் கொண்டுவந்த பண்டத்தை அவன் முன்னாலேயே முகர்ந்து பார்ப்பது எப்படியோ, அப்படி. கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். அவன் போன பிறகு ரிஜிஸ்டரில், "எரித்தது: மிச்சம் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகாவது எரித்துப் பார்த்திருக்கலாம். எழுதிவிட்ட பிறகு எரிக்க மனசு வரவில்லை. இரண்டு நிமிஷ வேலை.

ட்ராக்கில் பயிற்சி நாள். மேடமே ஓட்டினார். முதல் எட்டு ரவுண்டு அருமையாகப் போனது. ஒன்பதாவதில் வண்டி என்னைக் கடந்தபோது சத்தத்தில் ஒரு பல் விழுந்திருந்தது. என் பக்கத்தில் நின்ற யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. மேடத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும், அடுத்த வளைவிலேயே வேகத்தைக் குறைத்துவிட்டார்.

உள்ளே தள்ளிக்கொண்டு வந்து கம்ப்ரஷன் பார்த்தோம். ரோட்டரி இன்ஜினில் அது காதால் பார்க்கிற வேலை. ஸ்டார்ட்டரைச் சுற்றினால் நல்ல ரோட்டர் தப், தப், தப் என்று மூன்று பக்கமும் ஒரே பலத்தில் மூச்சு விடும். முன் ரோட்டர் அப்படித்தான் விட்டது. பின் ரோட்டர் ஒரு தப், பிறகு இரண்டு வெறும் காற்று. ஒரு சீல் உடைந்தால் அதன் இரண்டு பக்கமும் போய்விடும். மேடம் என்னை மறுபடி சுற்றச் சொன்னார். மறுபடியும் அதே. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அந்த ஒரு ரேஸுக்காக ஒரு வருஷம் உழைத்தவர்.

மறுநாள் குடோனில் இன்ஜினைப் பிரித்தோம். சீல் உட்கார வேண்டிய பள்ளத்தில் பிசினும் வெள்ளை உப்பும் இறுகிக் கிடந்தது. சீல் ஏறி இறங்க வழியில்லாமல் மாட்டிக்கொண்டு உடைந்திருக்கிறது. மேடம் அதை நகத்தால் சுரண்டிக் காகிதத்தில் வைத்தார். ரிஜிஸ்டரை எடுத்து என் எழுத்தைப் படித்தார்.

"அண்ணா, எரிச்சப்போ மிச்சம் இல்லன்னு எழுதியிருக்கீங்க. பாத்தீங்களா, நினைச்சீங்களா?"

இதுவரை ஐம்பது தடவை சொன்ன வார்த்தைதான். சொல்லியிருந்தால் அதிகபட்சம் அவர் முகம் வாடியிருக்கும். ஆனால் மேஜையில் உடைந்த சீல் கிடந்தது. குடோனில் ஓனர் நின்றிருந்தார். என் வாயில் வந்தது வேறு.

"பாத்தேன் மேடம்."

அவர் மறுபடி கேட்கவில்லை. நான் சொன்னால் அவருக்கு அது சத்தியம். "அப்ப சாம்பிள் சுத்தம். கேன்தான் வேற" என்றார். என்னைச் சந்தேகப்படாத மனசு, கணக்காக அடுத்த ஆளிடம் போய் நின்றது.

அன்வரைக் கூப்பிட்டார்கள். அவன் சண்டை போடுவான், "அதே கேன்தான்" என்று அடித்துப் பேசுவான் என்று நினைத்தேன். அப்படிப் பேசியிருந்தால் நானும் உடைந்து சொல்லியிருப்பேன் என்று பல வருஷம் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அவன் காகிதத்திலிருந்த வெள்ளைத் தூளைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "முருகேசன் எரிச்சுப் பாத்தான்னா அது சரியாத்தான் இருக்கும்" என்றான் ஓனரிடம். "பக்கத்துல இன்னொரு கேன் இருந்துச்சு. கை மாறிப் போயிருக்கும்."

என் பொய்யை நம்பி, அவன் தன் கையை நம்புவதைக் கைவிட்டான்.

அன்று சாயந்திரம் எல்லோரும் போன பிறகு, என்னிடம் மிச்சமிருந்த சாம்பிளையும் கேனில் மிச்சமிருந்ததையும் இரண்டு கரண்டியில் ஊற்றி எரித்தேன். இரண்டும் ஒரே மாதிரி சடசடவென்று தெறித்தன, எண்ணெய்க்குள் அவ்வளவு தண்ணீர். இரண்டிலும் ஒரே மாதிரி, ஆசிட் ட்ரீட்மென்ட் விட்டுப் போன வெள்ளை உப்பு மிஞ்சியது. அவன் கை மாறவே இல்லை. கரண்டிகளைக் கழுவினேன். பாட்டிலையும் சோப்புப் போட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். முதல் பொய் பயத்தில் வந்தது. இது யோசித்துச் செய்தது.

ஓனர் கெட்டவர் இல்லை. "ஆசிட் வச்சிருக்கிற எடத்துல கை மாறுற ஆள வைக்க முடியாது" என்றார். அவர் இடத்தில் யாராயிருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். அன்வரை கேட்டில் உட்கார வைத்தார்கள். உள்ளே வரும் லாரி நம்பரை எழுதுகிற வேலை. ரிட்டையர் ஆகும் வரை அங்கேயே இருந்தான். நான் வண்டியில் நுழையும்போதெல்லாம் கையைத் தூக்குவான். நாலு மணி டீயை நான்தான் நிறுத்தினேன். வேலை ஜாஸ்தி என்றேன். இரண்டு வருஷத்தில் மேடம் கல்யாணமாகி வெளிநாடு போனார், வண்டியும் போனது, நான் மறுபடி ஜெனரேட்டருக்கே வந்து சேர்ந்தேன்.

என் மனைவி தவறியபோது அன்வர் வந்தான். எல்லோரும் போன பிறகும் போகவில்லை. "சாப்டியா?" என்று ஒன்றுதான் கேட்டான். அப்போது சொல்லியிருக்கலாம். தலையை மட்டும் ஆட்டினேன். இப்போது பெண் பெங்களூரில், ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். மற்ற ஆறு நாளும் நான் பேசுவது பால்காரரோடுதான். நண்பர்கள் இல்லையா என்று பெண் கேட்பாள். ஒருத்தன் இருந்தான், அவன் முகத்தைப் பார்க்க யோக்கியதை இல்லாமல் போய்விட்டது என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

போன வருஷம் வேலூர் லாங் பஜாரில் ஒரு எண்ணெய்க் கடையில் அவனைப் பார்த்தேன். டப்பாவில் ஊற்றியதை விரலில் தொட்டுத் தேய்த்தான். மூக்கருகே கொண்டுபோனான். பிறகு கடைக்காரரிடம், "இது நல்லெண்ணெய்தானே? கொஞ்சம் நீ பாத்து சொல்லுப்பா" என்றான். கடைக்காரர் ஆமாம் என்றார். பணத்தைக் கொடுத்துவிட்டு, "நல்லெண்ணெய்தானே?" என்று மறுபடியும் கேட்டான். நான் ஒரு தள்ளுவண்டிக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். அன்று பஸ்ஸில் ஆம்பூர் வந்து சேரும் வரை என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. நான் பறித்தது அவன் வேலையை என்று நினைத்திருந்தேன். அது மட்டுமில்லை.

மலருக்கு டிப்ஸ் கேட்டபோதுதான், இனியும் சொல்லாவிட்டால் நான் மனிதனில்லை என்று பட்டது. போன வெள்ளிக்கிழமை தொழுகை முடிகிற நேரம் பார்த்து அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி ஆபிதா, நான் பாபி என்று கூப்பிடும் அண்ணி, கதவைத் திறந்து, "இத்தினி வருஷம் கழிச்சு வழி தெரிஞ்சுதா அண்ணா?" என்று சிரித்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து சமையல்கட்டு அலமாரி தெரிந்தது. ஒவ்வொரு டப்பாவிலும் காகிதம் ஒட்டி, உருதுவிலும் தமிழிலும் பெயர் எழுதியிருந்தது. உப்பு டப்பாவில்கூட.

"எல்லாம் அவர் எழுதினது. துவரம்பருப்பு எடுத்துக் குடுக்கவும் படிச்சுப் பாத்துட்டுத்தான் குடுப்பாரு" என்றார் பாபி.

அன்வர் வந்து எதிரில் உட்கார்ந்தான். நான் சுற்றி வளைக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்தது, ரிஜிஸ்டரில் எழுதியது, மேடத்திடம் சொன்ன பொய், பாட்டிலைக் கழுவியது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். பாபி டீயோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"சாம்பிளும் கேனும் ரெண்டும் ஒண்ணா?" என்றான் கடைசியில்.

"ஒண்ணுதான்."

"பாத்தியா, நினைச்சியா?"

"பாத்தேன் அன்வர். ரெண்டயும் எரிச்சுப் பாத்தேன்."

அவன் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். கட்டைவிரலால் மற்ற விரல்களை மெதுவாகத் தேய்த்தான். திட்டுவான், அடிப்பான் என்றுகூட எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் குடுத்த எண்ணெய் தப்பு. அது என் தப்புதான்" என்றான். "ஆனா கை மாறல. அதச் சொல்லுறதுக்கு உனக்கு இவ்ளோ வருஷமா?"

மலருக்கு இதை எழுதப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

"எழுது. என் பேரப் போட்டே எழுது" என்றான். பிறகு என்னைப் பார்க்காமல் மனைவியிடம், "ஆபிதா, அந்தச் சீட்டெல்லாம் கிழிச்சிடு" என்றான். பாபி தயங்கினார். அவனே எழுந்து உள்ளே போனான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டும் வரை, டப்பாக்களிலிருந்து காகிதம் உரியும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

அதனால் எழுதுகிறேன். அன்வர் பாஷா, கெமிக்கல் ஸ்டோர்ஸ். அவர் கை மாறவில்லை. எரித்துப் பார்க்காதவன் நான். இதன் நகல் ஒன்றை மேடத்துக்கும் அனுப்பிவிட்டேன்.

மலர் அச்சாகி வந்ததும் முதல் பிரதியை அன்வர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கும்படி சங்கத்து நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன். நானே கொண்டுபோகலாமே என்று கேட்டார்கள். என்னை அவர் இன்னும் வரச் சொல்லவில்லை.